காலை 9:10-க்கு டிஸ்சார்ஜ் சொன்னார்கள்

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் 14-ம் நம்பர் படுக்கைத் தாத்தாவின் தோளைத் தட்டி, "நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போலாம்" என்று சொன்னபோது மணி காலை 9:10. தாத்தா அப்போதே எழுந்து வேட்டி மாற்றிவிட்டார். பாட்டி தூக்குவாளியைக் கழுவி, போர்வையை மடித்து, பையைக் கட்டி வைத்துவிட்டார். சங்கரன்கோவிலைத் தாண்டி ஒரு கிராமம் அவர்களுக்கு. ஊருக்குள் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் 5 மணிக்காவது ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மதியம் ஒரு மணிக்குத் தாத்தா என்னைக் கூப்பிட்டார். "ஏ தாயி, காலைலயே போகச் சொல்லிட்டாவளே டாக்டரு. பெறவு எதுக்குத் தாயி எங்கள உக்கார வச்சிருக்கீய?"

"பில் ரெடியாயிட்டு இருக்கு தாத்தா. கொஞ்சம் பொறுங்க" என்றேன். பதினோரு வருடம் நர்சாக இருந்தவள் நான். அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பில் எங்கே, யார் மேஜையில், எதற்காகக் கிடக்கிறது என்பது எனக்கும் தெரியாது.

இரவு 7:20-க்கு அவர்கள் கிளம்பினார்கள். பஸ் போய்விட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாளில் அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுத்திருந்துவிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார் என்பதை அவருடைய மகன் அடுத்த வாரம் தையல் பிரிக்க அவரைக் கூட்டி வந்தபோது சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது.

அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை (எம்.ஹெச்.ஏ.) சேர்ந்தேன். 34 வயதில். இரண்டு வருட முழுநேரப் படிப்பு. இப்போது இன்னொரு மருத்துவமனையில் நிர்வாகப் பிரிவில் வேலை. என்னோடு வேலை பார்த்த தங்கச்சிகள் பலர், "அக்கா, எம்.ஹெச்.ஏ. படிக்கலாமா? வொர்த்தா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தப் படிப்பின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். அமைப்பு நடத்தை, நிதி மேலாண்மை, செயல்பாட்டு மேலாண்மை, சுகாதாரச் சட்டங்கள், தொழில்முனைவு, புள்ளியியல் என்று நீளும். இத்தனை தாளும் எழுதிப் பாஸ் பண்ணிய பிறகு எனக்குப் புரிந்தது என்னவென்றால், எல்லாத் தாளிலும் உள்ள பாடப்பொருள் ஒன்றேதான்: நோயாளியின் நேரம். அதை யார் தின்கிறார்கள், எப்படி மிச்சப்படுத்துவது என்பதுதான் இரண்டு வருடப் படிப்பு.

நான் சொல்வது மிகை என்று தோன்றினால், வகுப்பில் என்னை அசைத்த இரண்டு கணக்குகளைக் கேளுங்கள்.

1961-ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த ஒரு விதி. ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் அங்கே தங்குகிறார்கள் என்பதால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான். ஓ.பி.க்கு மணிக்கு 20 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சீட்டு எடுத்து, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, மருந்து வாங்கிக் கிளம்ப 3 மணி நேரம் ஆகிறது என்றால், அந்த ஹாலில் எப்போதும் 60 பேர் இருப்பார்கள். கூட்டம் அதிகமென்று நாம் என்ன செய்வோம்? 30 நாற்காலி கூடுதலாக வாங்கிப் போடுவோம், டி.வி. மாட்டுவோம். நான் வேலை பார்த்த இடத்தில் அதைத்தான் செய்தார்கள். அந்த 3 மணி நேரத்தை ஒன்றரை மணி ஆக்கினால், அதே நோயாளிகள், அதே டாக்டர்கள், ஹாலில் 30 பேர்தான் இருப்பார்கள். நாற்காலியே வேண்டாம்.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். ஒரே ஒரு டாக்டர் இருக்கிறார். நோயாளிகள் முன்பின்னாக வருகிறார்கள். ஒருவருக்கு 5 நிமிடம் போதும், ஒருவருக்கு 20 நிமிடம் ஆகும். டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், எளிய மாதிரிக் கணக்கின்படி, வெளியே சராசரியாக 3 பேர் காத்திருப்பார்கள். 90 சதவீதம் நிரம்பினால் 8 பேர். 95 சதவீதம் ஆனால் 18 பேர். டாக்டர் சும்மா உட்காரவே கூடாது என்று முதலாளி நினைக்க நினைக்க, வெளியே வரிசை ஏறிக்கொண்டே போகும். "டாக்டரோட டைம் வேஸ்ட் ஆகக் கூடாது" என்று எங்கள் ரிசப்ஷனில் ஒரே நேரத்துக்கு எட்டு டோக்கன் கொடுப்பார்கள். வேஸ்ட் ஆனது யாருடைய நேரம் என்பதை, இந்தக் கணக்கை எழுதிய வகுப்புக் கரும்பலகையில்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று வகுப்பு முடிந்து ஹாஸ்டலுக்கு நடந்து போகும்போது எனக்கு அந்தத் தாத்தாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் வருடத் திட்டப்பணிக்கு நான் வேறு தலைப்பு தேடவில்லை. பழைய மருத்துவமனைக்கே போய், அதே வார்டில் டிஸ்சார்ஜ் தாமதத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டும் கைக்கடிகாரமும்தான் கருவி. நோயாளியோடு உட்காராமல் கேஸ் ஷீட்டின் பின்னாலேயே நடந்தேன். கால் கட்டைவிரலில் சீழ் எடுத்த ஒரு சர்க்கரை நோயாளி அம்மாவின் நாள் இப்படிப் போனது. 9 மணிக்கு டிஸ்சார்ஜ் சொன்னார்கள். ஜூனியர் டாக்டர் ரவுண்ட்ஸோடு மற்ற மாடிகளுக்கும் போய்விட்டதால் சம்மரி எழுத உட்காரும்போது 11 மணி. டைப் ஆனது 11:40. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் தியேட்டரில். வெளியே வந்தது 1:30. சம்மரி வந்தால்தான் மிச்ச மருந்தைத் திருப்பி எடுப்போம் என்று பார்மசியில் ஒரு பழக்கம். மிஞ்சிப்போன ஊசிகளும் குளுக்கோஸ் பாட்டில்களும் திரும்பிப் போய் வரவு வைக்க 2:30. பில்லிங்கில் சாப்பாட்டு நேரம். பைனல் பில் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனது 3:30. ஆன்டிபயாடிக் ஏன் மாற்றினீர்கள் என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒப்புதல் வந்தது 6:30. அம்மா கிளம்பியது 7 மணி.

பத்து மணி நேரம். அதில் யாராவது உண்மையிலேயே கையால் வேலை செய்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட வரவில்லை. மீதி நேரம் முழுக்கத் தாள் ஏதோ ஒரு தட்டில் படுத்திருந்தது. சோம்பேறி என்று யாரையும் சொல்ல முடியாது. ஜூனியர் டாக்டர் அன்று காலைச் சாப்பாடே சாப்பிடவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் கைக்குப் போகும் அந்த இடைவெளிக்குத்தான் சொந்தக்காரர் யாரும் இல்லை.

எல்லோரும் இன்சூரன்ஸ்காரர்களைத் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நாளில் கம்பெனி எடுத்தது 3 மணி நேரம். அவர்கள் கைக்கு பில் போவதற்கு முன்பே நாங்கள் ஆறரை மணி நேரம் தின்றுவிட்டோம். பிறகு 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது: டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதமானால் அதனால் ஆகும் கூடுதல் செலவு கம்பெனியையே சேரும். நல்ல விதி. ஆனால் அந்த 3 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? மருத்துவமனை கோரிக்கையை அனுப்பியதிலிருந்து. அதற்கு முன்னால் ஓடும் நேரம் நம் பொறுப்பு.

திட்டப்பணியின் முடிவில் நான் சொன்ன யோசனைகள் எளியவை. மறுநாள் போகக்கூடியவர்களின் பெயரை முதல்நாள் மாலையே பட்டியல் எடுப்பது, இரவு டியூட்டி டாக்டர் சம்மரியின் வரைவை எழுதி வைப்பது, மிச்ச மருந்தை இரவே திருப்புவது. ஒரு பெரிய டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "காலைல பார்க்காம நான் எப்படிம்மா சொல்ல முடியும்?" அவர் சொன்னதும் நியாயம். வரைவு என்றால் முடிவு இல்லை, காலையில் நீங்கள் மாற்றலாம், கிழித்தும் போடலாம் என்று விளக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கணக்கைவிட இந்த மூன்று வாரம் கடினமாக இருந்தது. கடைசியில் அந்த ஒரு வார்டில் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளை அங்கே முதன்முறையாகப் பார்த்தேன்.

இதில் முதலாளிக்கும் லாபம் உண்டு என்பதை நிதித் தாள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 100 படுக்கை, சராசரியாக ஒருவர் 5 நாள் தங்குகிறார் என்றால் மாதத்துக்கு அதிகபட்சம் 600 பேரைப் பார்க்கலாம். அதை 4 நாள் ஆக்கினால் 750 பேர். ஒரு செங்கல் வைக்காமல் 25 படுக்கை கட்டியதற்குச் சமம். "நோயாளி பாவம்" என்று சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போன நிர்வாக இயக்குநர், இந்தக் கணக்கைக் காட்டியபோது உட்கார்ந்து கேட்டார். இதில் எனக்கு வருத்தமில்லை. மனிதர்களைக் கேட்க வைக்கும் மொழியைக் கற்றுக்கொள்ளத்தானே படிக்கப் போனோம்.

அமைப்பு நடத்தை என்று ஒரு தாள். பெயரைப் பார்த்தால் தூக்கம் வரும். அதில் வந்த ஒரு பாடத்தை நர்சாக இருக்கும் ஒவ்வொருத்தியும் படிக்க வேண்டும். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. 19 வரி. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியைத் தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுபோகும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் செய்து பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. புது மருந்தோ புது மெஷினோ இல்லாமல். அந்தப் பட்டியலில் ஒரு வரி, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்கிறது. தியேட்டரில் எத்தனையோ வருடம் "சிஸ்டர்" என்ற ஒரே பெயரோடு நின்றவள் நான். பெயர் சொன்னவளுக்குத்தான், "சார், ஒரு நிமிஷம், கணக்குல ஒரு காஸ் துணி குறையுது" என்று சொல்ல வாய் வரும். அமைப்பு நடத்தை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அரசுத் துறையிலிருந்தும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலாண்மை என்றாலே தனியார் என்று நினைக்கிறோம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குவது, மாவட்டந்தோறும் கிடங்கு வைப்பது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து அதன் ஒதுக்கீட்டுக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ள விடுவது. மாதிரிகளைக் கம்பெனிப் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவது. இதற்குள் மேதாவித்தனம் எதுவும் இல்லை, சலிக்காமல் செய்யும் ஒழுங்குதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை அன்றைக்கே கிடைக்கிறதா, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்களா என்பதை இந்த ஒழுங்குதான் தீர்மானிக்கிறது. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

தொழில்முனைவுத் தாளுக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வந்துவிடும். 1993-லேயே ஹார்வர்டில் அதைப் பாடமாக எழுதிவிட்டார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, 58 வயதில், 11 படுக்கையோடு தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். இதையெல்லாம் நம் ஊரில் பலரும் அறிவார்கள். நான் கவனிக்கச் சொல்வது தியேட்டரின் அமைப்பை. சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். சர்ஜன் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டால் போதும். தயார்ப்படுத்தும் வேலை முழுக்க, கிராமங்களிலிருந்து வந்து இரண்டு வருடப் பயிற்சி பெற்ற பெண்களுடையது. டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர் செய்கிறார். அதனால்தான் ஏறக்குறைய பாதி அறுவைகளை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அங்கே செய்ய முடிகிறது. கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை தடையாக நின்றபோது 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, இறக்குமதி விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குத் தாங்களே செய்தார்கள். இப்போது அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

ஆனால் அரவிந்தைப் படித்துவிட்டு, "நாமும் ஒன்று தொடங்குவோம்" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். என் வகுப்புத் தோழர் ஒருவர் சிறிய ஊரில் டயாலிசிஸ் மையம் தொடங்க நினைத்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்டோம். வாடகை, சம்பளம், மெஷின் தவணை, தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்குக் கட்டணம் 1,500. அதில் பொருள் செலவு 700. மிச்சம் 800. அப்படியென்றால் மாதம் 375 தடவை ஓடினால்தான் கையைக் கடிக்காது. வாரம் மூன்று தடவை வருகிற ஒரு நோயாளிக்கு மாதம் 13 தடவை. ஆக 29 பேர் வேண்டும். 20 பேர்தான் வந்தார்கள் என்றால்? துணிக்கடை என்றால் ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடலாம். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். இங்கே ஷட்டரை இறக்கினால் அந்த 20 பேர் நாளை மறுநாள் எங்கே போவார்கள்? அடுத்த மையம் 60 கிலோமீட்டர் என்றால், சிலர் ஒரு தடவையைத் தவறவிடுவார்கள். தவறவிட்டால் என்ன ஆகும் என்பது நர்சாகிய எனக்குத் தெரியும். அவர் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டு, பிறகு தொடங்கினார். மருத்துவத்தில் தொழில் தொடங்குகிறவர், எப்படி மூடுவோம் என்பதையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் தொழில்முனைவுப் பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயம் இல்லை.

சரி, எங்கே படிப்பது? மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். எம்.ஹெச்.ஏ., மருத்துவமனை மேலாண்மை எம்.பி.ஏ. இரண்டுக்கும் எந்தப் பட்டதாரியும் போகலாம் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.ஹெச்.ஏ. அப்படிப்பட்டதுதான். பட்டத்தின் பெயரைவிட, கல்லூரிக்கு அருகில் நடமாடக்கூடிய மருத்துவமனை இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்ன்ஷிப்பில் மாணவர்களை வார்டுக்குள் விடுகிறார்களா, இல்லை ஹெல்ப் டெஸ்க்கில் நிறுத்திவிடுகிறார்களா என்று போன வருடம் முடித்தவர்களிடம் கேளுங்கள். வகுப்பில் ஒரு மருந்தாளுநர், ஒரு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு காமர்ஸ் பட்டதாரி என்று கலவையாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். நான் பாதிப் பாடத்தை வாத்தியார்களிடமும், மீதியைப் பக்கத்துப் பெஞ்சில் இருந்த பார்மசிக்காரரிடமும் கற்றேன். மருந்து திருப்பும் பழக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

சேருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள் தங்கச்சிகளே. லீவு நாளில் யூனிபார்ம் இல்லாமல், உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்குக் காலை 7 மணிக்குப் போய் உட்காருங்கள். யாராவது ஒரு நோயாளியிடம் அனுமதி கேட்டு, சீட்டு வாங்குவதிலிருந்து மருந்து வாங்கும் வரை அவரோடு நடந்து, ஒவ்வொரு இடத்திலும் மணியைக் குறித்து வாருங்கள். அன்று மாலை அந்தத் தாளைப் பார்க்கும்போது உங்களுக்குத் தூக்கம் வராமல் போனால், விண்ணப்பத்தை வாங்குங்கள். அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.